சேர்ந்தே வயதாவோம்: ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக் குழுவைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வட்டாரத்தில் இருக்கும் முப்பத்தைந்து பேர் நாங்கள். எல்லாரும் வயதானவர்கள். ஏழு வருடமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். பாசாரிலும் தண்ணீர்மலைக் கோயிலிலும் மருந்தக வரிசையிலும் யாராவது நிறுத்தி, "நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதிவைக்கிறேன். நான் 34 வருடம் தாதியாக வேலை பார்த்தவள். இந்தப் புளோக்கில் 'மிஸ்ஸி' என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். குழுவில் செயலாளர் பதவி. மற்றபடி சாவிக்கொத்தைச் சுமப்பவள்.

இது முதியோர் இல்லமா?

இல்லை. அவரவர் வீட்டில்தான் இருக்கிறோம். இல்லம் தேடுகிறவர்களும் எங்களிடம் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம், 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். முதலில் சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சமையலறையைப் பாருங்கள். அப்புறம் இன்னொரு நாள் சாயங்காலம், சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

அரிசி, எண்ணெய் கொடுக்கும் சங்கமா?

அதுவும் இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் எங்களைப் போன்றவர்களுக்கு நல்ல கிராக்கி. வரிசையாக உட்காரவைத்து, அரிசிப் பையைக் கையில் திணித்து, "பாட்டி, இங்கே பாருங்க" என்று படம் எடுப்பார்கள். வேண்டாம் என்று நாங்கள் சொன்னதில்லை, அரிசி அரிசிதான். ஆனால் மிச்சம் 51 வாரமும் நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம்.

எங்கள் குழுவில் வாங்க மட்டும் வருகிறவர் யாரும் இல்லை. படுக்கையை விட்டு எழ முடியாத 84 வயது ஆயா ஒருவர் இருக்கிறார். காலை 7.30 மணிக்கு முதல் போன் அடிப்பது அவர்தான். அவர் அடிக்காவிட்டால் அன்றைக்கு எங்களுக்கு விடியாது. அதேபோல, கொடுக்க மட்டும் என்றும் யாரும் வரக்கூடாது. இதை விளக்குவதுதான் கஷ்டம், கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

காலை போன் என்றால் என்ன?

குழுவை ஐந்து வளையமாகப் பிரித்திருக்கிறோம். வளையத்துக்கு ஏழு பேர். முதலாமவர் இரண்டாமவரைக் கூப்பிடுவார், அவர் மூன்றாமவரை, இப்படியே ஏழாமவர் வரைக்கும். ஏழாமவர் திரும்ப முதலாமவரைக் கூப்பிட்டால் வளையம் மூடியது, எல்லாரும் எழுந்தாச்சு. பேச்சு ஒரு நிமிடம் போதும். "எழுந்தாச்சா? மாத்திரை போட்டாச்சா?" அவ்வளவுதான். சிலர் கால் மணி நேரம் பேசி வளையத்தை நிறுத்திவைப்பார்கள். யார் என்று அவர்களுக்கே தெரியும்.

போனை எடுக்கவில்லையென்றால் பத்து நிமிடம் கழித்து இன்னொரு தடவை அடிப்போம். அதற்கும் எடுக்காவிட்டால் சாவி வைத்திருப்பவர் நேரில் போவார். பெரும்பாலும் போன் சார்ஜில் கிடக்கும், ஆள் சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பார். அதற்காக யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அப்படியில்லாத ஒரு காலையும் வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அண்ணன், தனியாக இருப்பவர், போனை எடுக்கவில்லை. எட்டு மணிக்கெல்லாம் ஆள் வாசலில் நின்றது. கிரில் பூட்டும் கதவும் உடனே திறந்தன. ஆனால் அவர் குளியலறைக்குள் விழுந்து கிடந்தார், உள்ளே தாழ்ப்பாள். அதை உடைக்க ஆள் தேடி, கருவி தேடி, நாற்பது நிமிடம் போயிற்று. இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அந்த வலியோடு தரையில் கிடந்த மனிதர், கதவுக்கு வெளியே நின்ற எங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார், தொந்தரவு கொடுத்துவிட்டாராம். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார். சாயங்காலம் வரை கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அன்றிலிருந்து ஒரே ஒரு விஷயத்தில் நாங்கள் கறார்: தனியாக இருப்பவர் குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது. வெட்கமாக இருந்தால் கதவில் துண்டைத் தொங்கவிடுங்கள்.

வீட்டுச் சாவியை அந்நியரிடம் எப்படிக் கொடுப்பது?

அந்நியராக இருக்கும்வரை கொடுக்காதீர்கள். ஆறு மாதம் புதன்கிழமைக் கூட்டத்துக்கு வாருங்கள், யாரிடம் கொடுக்கலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். எங்களில் இன்னமும் சாவி தராத ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் காலை போன் உண்டு. கதவை உடைக்க வேண்டியிருந்தால் உடைப்போம், செலவு அவர்களுடையது.

எத்தனை வயதில் சேரலாம்?

55 என்று வைத்திருக்கிறோம். இபிஎப் என்ற ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கும் வயது அது. மனிதன் முதன்முதலாக வயசாகிப்போச்சு என்று நினைப்பதும் அப்போதுதான். தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலையில் 60 ஆனதால் 55இல் பலர் இன்னும் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் எங்களுக்கு மிகவும் வேண்டியவர்கள், ஏனென்றால் கார் ஓட்டுவார்கள்.

பிள்ளைகள் நன்றாகத்தானே பார்த்துக்கொள்கிறார்கள், நான் எதற்கு?

எங்கள் பிள்ளைகளும் நல்லவர்கள்தான். ஒருவன் சிங்கப்பூரில், ஒருத்தி கோலாலம்பூரில், இன்னொருவன் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில். அன்பு இருக்கிறது. ஆனால் காலை எட்டு மணிக்கு அன்பு வாசலில் வந்து நிற்க முடியாது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கிறது: "பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசுமே?" பேசும். முதல் வருடம் பேசினார்கள். பேசியவர்களில் மூன்று பேர் இப்போது எங்கள் இரண்டாவது வளையத்தில் இருக்கிறார்கள். பிள்ளைகளோ, அம்மா சேர்ந்த பிறகு தினமும் பயந்துகொண்டு போன் செய்வதில்லை, பேசுவதற்குப் போன் செய்கிறார்கள்.

சந்தா எவ்வளவு? கூட்டு (சீட்டு) உண்டா?

மாதம் ஐந்து வெள்ளி (ரிங்கிட்). தேத்தண்ணிக்கும் தாளுக்கும் சரியாகிவிடும். கூட்டு கிடையாது.

எங்கள் தலைமுறைக்குக் கூட்டு தெரியாமலா? காதுகுத்து, கல்யாணம், மகனுடைய மோட்டார் சைக்கிளுக்கு முன்பணம், எல்லாம் கூட்டில் எடுத்ததுதான். தலைவி பணத்தோடு மறைந்துபோன கதையும் வீட்டுக்கு வீடு உண்டு. 1971இல் வந்த தடைச் சட்டத்தின் பெயரே கூட்டு நிதித் தடைச் சட்டம். ஆங்கிலத்திலும் அது 'கூட்டு'தான், மொழிபெயர்க்கவில்லை. நம் சொல் நாட்டின் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது என்று பெருமைப்படலாம், எப்படி ஏறியது என்பதைச் சொல்லாமல் இருந்தால்.

ஜப்பானின் ஒக்கினாவா தீவில் 'மோஆய்' என்று ஒரு வழக்கம் உண்டு. அதன் வேரும் நம் கூட்டு மாதிரிதான். ஒரே கும்பல் மாதாமாதம் கூடிப் பணம் போடும், முறை வைத்து ஆளுக்கொரு தடவை எடுத்துக்கொள்ளும். நாளடைவில் பணத்தைவிடக் கூடுவதே பெரிதாகி, ஒரே ஆட்கள் பல பத்து வருடம் சேர்ந்தே வயதாகிறார்கள். நாங்கள் பணத்தைக் கழித்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டோம்.

சாவுச் செலவுக்கு மட்டும் மரண சகாய நிதி தனியாக உண்டு. ஒருவர் தவறினால் ஆளுக்கு இருபது வெள்ளி, அன்றே வசூலித்து அன்றே அந்த வீட்டில் கொடுத்துவிடுவோம். எங்கள் கையில் ஒரு இரவுகூடத் தங்காது.

யார் யாருக்கு எவ்வளவு செய்தார் என்று கணக்கு உண்டா?

இருந்தது. ஜப்பானில் மிசுஷிமா தெருகோ என்ற அம்மையார் 1973இல் ஒசாகாவில் ஓர் உழைப்பு வங்கி தொடங்கினார். ஒரு மணி நேரம் உதவினால் உங்கள் கணக்கில் ஒரு மணி நேரம் ஏறும், உங்களுக்குத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். கேட்டதும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், நீளமான நோட்டு வாங்கிக் கோடு போட்டேன்.

நான்கு மாதம்தான் தாங்கியது. "நான் மூன்று தடவை கிளினிக் கூட்டிப்போனேன், அவள் எனக்கு ஒரு தடவை ரசம் கொடுத்தாள், அது எப்படிச் சரியாகும்?" என்று ஒருவர். நோட்டில் கடன் ஏறிவிட்டதே என்ற கூச்சத்தில் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார் இன்னொருவர். இத்தனைக்கும் அவருக்குத்தான் உதவி அதிகம் தேவைப்பட்டது. முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த பெரிய ஊருக்கு அந்த முறை பொருந்தலாம். ஒரே லிப்டில் ஏறி இறங்குகிறவர்களுக்கு நோட்டு ஆகாது. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம்.

ஆஸ்பத்திரிக்குத் துணை வருவீர்களா?

வருவோம். இரண்டு நாள் முன்னதாகச் சொல்லுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு அப்பாயின்மென்ட் என்றால் காலை முழுக்கப் போய்விடும். துணைக்கு வருகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினால் போதாது, டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். நம் ஆட்கள் டாக்டரிடம் எல்லாவற்றுக்கும் "ஓகே டாக்டர்" சொல்லிவிட்டு, வெளியே வந்து "என்ன சொன்னாரு?" என்று கேட்பார்கள்.

வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்து, கடையில் வாங்கிய முட்டிவலி மருந்து உட்பட, ஒரே பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஒரே இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு பெயரில் இரண்டு இடத்தில் வாங்கி, இரண்டையும் விழுங்கிக்கொண்டிருந்த ஓர் அக்காவை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். தலைசுற்றல் வயதினால் வருகிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

அரசாங்க உதவித் தொகை வாங்கித் தருவீர்களா?

பாரம் நிரப்பித் தருவோம், வாங்கித் தர எங்களால் முடியாது. 60 வயதாகி, வருமானமும் ஆதரவும் இல்லாதவர்களுக்குச் சமூக நல இலாகா கொடுக்கும் மூத்தோர் உதவித் தொகை 2025இல் மாதம் 600 ரிங்கிட் ஆனது. மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும். எஸ்டிஆர் என்ற அரசாங்க ரொக்க உதவி வாங்குகிறவருக்கும் அவருடைய கணவனுக்கோ மனைவிக்கோ 40 வயது ஆகியிருந்தால், 'பெக்கா பி40' திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை உண்டு. அதற்குத் தனியாகப் பதிய வேண்டியதில்லை, மைகாட் அடையாள அட்டை போதும். தெரியாமலே இருப்பவர்கள்தான் அதிகம். தெரிந்தும், சர்க்கரை இருப்பதாகச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து போகாதவர்கள் அதற்கு அடுத்தபடி.

ஆண்கள் வருகிறார்களா?

முதல் ஒன்றரை வருடத்தில் இரண்டே பேர் வந்தார்கள், அதுவும் மனைவியை இறக்கிவிட. "வந்து பேசிக்கொண்டிருங்கள்" என்று கூப்பிட்டால் ஆண்கள் வரமாட்டார்கள். ஒருநாள் மண்டபத்துக் காற்றாடி ஓடவில்லை. கீழ்மாடியில் இருக்கும் முன்னாள் ரயில்வே பிட்டரைக் கூப்பிட்டோம். அவர் கழற்றும்போது ஏணியைப் பிடிக்க ஒருவர், யோசனை சொல்ல நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். அடுத்த வாரம் யாரோ ஒரு பழைய ரைஸ் குக்கரைக் கொண்டுவந்தார்.

ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஆண்களுக்குப் பட்டறைக் கொட்டகைகள் வைத்து நடத்துகிறார்கள். எங்களிடம் இருப்பது ஒரு மேசையும் இரண்டு ஸ்க்ரூடிரைவர் பெட்டியும். மனைவி இறந்து எட்டு மாதம் வாயே திறக்காத ஒருவர் அந்த மேசையில், கையில் ஒரு இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், மனைவியைப் பற்றிப் பேசினார். மற்றவர்களும் நிமிரவில்லை. அந்த இஸ்திரிப் பெட்டி இன்றுவரை வேலை செய்யவில்லை.

தமிழர்களுக்கு மட்டுமா?

இல்லை. ஆறு சீனர்களும் இரண்டு மலாய்க்காரர்களும் இருக்கிறார்கள். கூட்டத்து மொழி சந்தையில் பேசும் பாசார் மலாய்தான், கோபம் வந்தால் அவரவர் தாய்மொழி. புதன்கிழமைப் பலகாரம் சைவம் என்று வைத்துவிட்டதால் எல்லாரும் சாப்பிடலாம்.

உடற்பயிற்சி சொல்லித்தருவதும் ஒரு சீன அம்மாதான். காலையில் அணைக்கட்டுக்கு ஏறிப் போகிறவர் அவர். எங்களுக்காக எளிதாக்கி வைத்திருக்கிறார்: கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்கார வேண்டும், அப்புறம் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். கால் பலமும் நிதானமும் இருந்தால் விழுவது குறையும். இதை 34 வருடம் நோயாளிகளுக்குச் சொன்னேன், நானே செய்யத் தொடங்கியது அவர் அதட்டிய பிறகுதான்.

போனில் ஏமாற்றுகிறவர்களிடம் மாட்டிக்கொண்டால்?

உடனே 997 என்ற எண்ணுக்கு அடியுங்கள். மோசடிப் புகாருக்கான தேசிய மையம் அது, 2022 முதல் இருக்கிறது. பணம் கைமாறிக்கொண்டே போகும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. "போலீஸிலிருந்து பேசுகிறோம், யாரிடமும் சொல்லாதே" என்றால் அவன் திருடன், அப்போதே வைத்துவிட்டு வளையத்தில் யாரையாவது கூப்பிடுங்கள். எங்களில் ஒருவர் இபிஎப் பணத்தில் பெரும்பகுதியை இழந்துவிட்டு, அவமானத்தில் மூன்று மாதம் மூச்சு விடவில்லை. அவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்களுக்குள் சண்டை வருமா?

வராமல் இருக்குமா? கேரம் போர்டுக்கு வந்தது, வடையில் உப்புக்கு வந்தது. ஒரு பொதுத்தேர்தலின்போது இரண்டு பேர் ஆறு வாரம் பேசவில்லை. ஆனால் இருவரும் ஒரே வளையத்தில் அடுத்தடுத்த எண். காலையில் போன் வரும், "எழுந்தாச்சா?" "ம்." வைத்துவிடுவார்கள்.

மறதி நோய் வந்தவரைப் பார்த்துக்கொள்வீர்களா?

தொடக்கத்தில் முடியும். கூட்டத்துக்குக் கூட்டிவந்து கூட்டிப்போவோம், சட்டைப் பையில் போன் எண் வைப்போம், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்போம், வீட்டில் பார்த்துக்கொள்கிறவர் அதற்குள் தூங்கி எழுந்திருக்கலாம். இரவில் வெளியே நடந்துபோகும் நிலை வந்துவிட்டால் எங்களால் முடியாது. புரட்டிப் படுக்கவைக்கும் நிலையும் அப்படித்தான், எங்கள் முதுகும் எழுபது வயது முதுகு. முடியும் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டு, ஒரு குடும்பத்தை நடுவில் விட்டோம். இன்னும் உறுத்துகிறது. அதனால் இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தாமானில் (குடியிருப்பில்) தொடங்க வேண்டும். நம் ஆட்கள் ஒன்றுசேர மாட்டார்களே?

இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுத் தொழிலாளர்களை வெளியேற்றிய காலத்தில், 1960இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டும் கூலியிலிருந்து தொழிலாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அடுத்த வருடமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். தோட்டத்தையே வாங்கியவர்களின் பிள்ளைகளுக்கு ஏழு பேருக்குப் போன் அடிக்க முடியாதா?

நான்கு பேரும் ஒரு தாளும் போதும். இடத்துக்கு அக்கம்பக்கத்தார் குழுவான ருக்குன் தெதாங்காவின் மண்டபத்தைக் கேளுங்கள், பகலில் அது சும்மாதான் கிடக்கும். பக்கத்தில் சமூக நல இலாகாவின் ஆதரவில் நடக்கும் மூத்தோர் நடவடிக்கை மையம், அதுதான் 'பாவே', இருந்தால் அங்கேயே சேர்ந்துகொள்ளலாம். தனிச் சங்கமாகப் பதிய 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். பதிந்தால் வருடாந்திரக் கூட்டம் நடத்தி அறிக்கை அனுப்ப வேண்டும். பதவிக்கு ஆசைப்படுகிறவரைப் பொருளாளராக்காதீர்கள், தலைவராக்கிவிடுங்கள்.

சரி, எப்படிச் சேருவது?

புதன்கிழமை சாயங்காலம் நான்கு மணி, தரைமாடி மண்டபம். சொந்தக் குவளை கொண்டுவாருங்கள். ஒரு பாரம் தருவோம், அதில் இரண்டே கட்டம். முதலாவது, "எனக்குச் செய்யத் தெரிந்தது". இரண்டாவது, "எனக்கு உதவி வேண்டியது".

முதல் கட்டத்தை எல்லாரும் நிரப்பிவிடுவார்கள். சமைப்பேன், தைப்பேன், தேவாரம் பாடுவேன், மலாயில் கடிதம் எழுதுவேன். இரண்டாவதில் ஒரு கோடு. "எனக்கு ஒண்ணும் வேணாம்மா, கடவுள் புண்ணியத்துல நல்லாத்தான் இருக்கேன்." அந்தப் பாரத்தை நாங்கள் வாங்குவதில்லை, திருப்பிக் கொடுத்து யோசித்துவிட்டு வரச் சொல்கிறோம். தரையில் கிடந்து மன்னிப்புக் கேட்ட அண்ணனும் இரண்டாவது கட்டத்தில் கோடுதான் போட்டிருந்தார். அப்போது எங்களுக்குத் திருப்பிக் கொடுக்கத் தெரியவில்லை.

போன மாதம் ஓர் அம்மா பாரத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் மூன்று வாரம் வைத்திருந்தார். அறுபது வருடம் ஊருக்கே ரவிக்கை தைத்தவர். திருப்பிக் கொடுத்தபோது இரண்டாவது கட்டத்தில் இருந்தது: "ஊசியில் நூல் கோத்துத் தர ஆள் வேண்டும்." மூன்றாவது வளையத்தில் சேர்த்துக்கொண்டோம்.